மூன்றாவது வரியில் ஒரு சறுக்கல்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினொரு காதுகளைச் சோதித்தேன். ஆறு பேர்தான், ஒருவருக்கு ஒரு காது போதும் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

கடைசியாக வந்தவர் நூற்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன். நான் எந்தச் சத்தமும் அனுப்பாதபோதும் அழுத்திக்கொண்டே இருந்தார். இப்படிச் செய்பவர்கள் நிறைய. ஏமாற்று இல்லை. கேட்கவேண்டும் என்ற ஆசை முற்றினால் கேட்டுவிடும்.

மதியம் டமால் வந்தான். தம்பியின் பேண்டில் டிரம்ஸ் அடிப்பவன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வரவேற்பறையில் நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டான், அது அவன் சுபாவம். கடைசியில் சொன்னான்: தம்பி சாகும் முன் ஆரம்பித்த பாட்டை முடித்துவிட்டார்களாம். கிடார் தம்பியுடையதேயாம்.

பாட்டாக அனுப்பவில்லை, ஒரு லிங்க். தொட்டால் அவர்கள் ஏற்றி வைத்திருப்பது ஒலிக்கும். "நீங்க கேட்டு எழுதிக் குடுத்தாதான்க்கா வெளிய விடுவோம். அது எப்பவும் உள்ள வழக்கம்தானே."

வழக்கம்தான். பதினான்கு வருடமாக ஒவ்வொரு பாட்டையும் தம்பி முதலில் என்னிடம் கொண்டுவருவான். நான் ஒரு தாளில் குறைகளை நிமிடம், நொடியோடு எழுதிக் கொடுப்பேன். பயிற்சி அறைச் சுவரில் அத்தனை தாள்களையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு அங்கே பெயர் சென்சார் அக்கா.

வீட்டுக்கு வந்தால் அம்மாவின் போனில் அந்த லிங்க் ஏற்கெனவே இருக்கிறது. டமால் வீட்டுக்கும் போயிருக்கிறான். ஒரு தொடலில் திறக்கும்படி முகப்பிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறான். அம்மா மதியத்திலிருந்து எத்தனை தடவை கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

மார்ச் 4, புதன்

கேட்கவில்லை.

மார்ச் 7, சனி

சனிக்கிழமை ஒரு மணிக்கு கிளினிக் மூடிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, சோதனை அறைக்குள் நானே உட்கார்ந்தேன். எப்போதும் நோயாளி உட்காரும் நாற்காலி. கதவைச் சாத்தினால் வெளியுலகம் கிடையாது. சொந்த மூச்சே பெரிதாகக் கேட்கும்.

முதல் தடவை எதுவும் கேட்கவில்லை. அழுதேன், அவ்வளவுதான். கிடார் ஆரம்பித்த இரண்டாவது நொடியிலேயே அவன்தான் என்று தெரிந்துவிட்டது. கம்பியை அவன் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் தொடுவான். கதவைத் தட்டுவதும் அப்படித்தான்.

இரண்டாவது தடவை பாட்டைக் கேட்டேன். மெதுவாக நடக்கும் பாட்டு. வாத்தியார் நன்றாகப் பாடியிருக்கிறார். (பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர், பேண்டிலும் வாத்தியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.) வழக்கமாக 'ழ'வை விழுங்குவார், இதில் விழுங்கவில்லை. டமால் பாதிப் பாட்டுவரை அடக்கி வாசித்திருக்கிறான். அவனால் அடக்கமாக இருக்க முடியும் என்பதே எனக்குச் செய்தி.

மூன்றாவது தடவைதான் தாளை எடுத்தேன். 1:48. பல்லவியின் மூன்றாவது வரி. பாட்டு அங்கே இறங்க வேண்டும். சொற்களும் அதைத்தான் சொல்கின்றன: படி இறங்கிப் போகிறவளைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். கிடார் இறங்கவில்லை. பக்கத்துக் கம்பியில் விரல் சறுக்கி, சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் போய் நிற்கிறது. அதை விட விசித்திரம், அடியில் ஓடும் பேஸ் கிடார் வளைந்து அதே இடத்துக்குப் போய் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. வாத்தியாரின் குரலும் தயங்கித் தயங்கிக் கூடவே போகிறது.

இந்தச் சறுக்கல் எனக்குத் தெரியும். ஆகஸ்ட் முழுக்க என் அறைக்குப் பக்கத்து அறையில் கேட்டேன். இதே இடத்தில் இதே விரல் சறுக்கும், உடனே நாக்கால் 'ச்சு' என்பான், முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தை மட்டும் இருபது தடவை கேட்டேன். டமாலின் சிம்பல் தட்டோசைக்கு அடியில், மெல்லியதாக, இருக்கிறது. ச்சு.

மார்ச் 8, ஞாயிறு

இன்று தெளிவாக எழுதிப் பார்க்கிறேன்.

அந்தப் பேண்டில் முதலில் கிடாரை மேலோட்டமாக வாசித்து ஒரு டேக் எடுப்பார்கள். ஸ்க்ராட்ச் என்பார்கள். டிரம்ஸ் அடிப்பவனுக்கு வழி தெரிவதற்காக மட்டும். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பது போல, உண்மையான கிடாரை வாசித்தபின் அதை அழித்துவிடுவார்கள். தம்பி அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை ஸ்க்ராட்ச் வாசித்தான். உண்மையானதைத் திங்கட்கிழமை வாசிப்பதாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம், சிக்னலில் நின்றிருந்த அவன் பைக்கின் மேல் பின்னால் வந்த வேன் ஏறியது.

ஆக, இவர்களிடம் இருப்பது சாரம் மட்டும்தான். அதன் மேல் ஓடு வேய்ந்திருக்கிறார்கள்.

அம்மா காலையில் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து அதைப் போடுகிறாள். காய் நறுக்கும்போது ஒரு தடவை, குளித்துவிட்டு வந்து ஒரு தடவை. ராக் பாட்டு என்றாலே "ஏன்டா இப்படித் தகரத்த இழுக்கறீங்க" என்று கதவைச் சாத்தியவள். இன்று சொன்னாள்: "பக்கத்து ரூம்ல உக்காந்துட்டு வாசிக்கற மாதிரியே இருக்குடி."

இருக்கும்தானே. பக்கத்து ரூமில் இப்படித்தான் தப்பாக வாசித்தான்.

மார்ச் 10, செவ்வாய்

தாளில் 1:48 என்று எழுதியிருக்கிறேன். எதிரே ஒன்றும் எழுதவில்லை.

எழுதாமல் விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? பாட்டு வெளிவரும். செத்தவன் வாசித்தது என்று எல்லோரும் உருகுவார்கள். அந்தச் சறுக்கலையே பெரிய கலை என்பார்கள். அம்மாவுக்கு அவன் கிடைப்பான்.

ஆனால் அவன்? ஒரு பாட்டில் ஒற்றைத் தட்டு பிசகியதற்காக, நூறு பிரதி அடித்த பிறகும் அத்தனையையும் தூக்கிப் போட்டவன். மேடையில் யாராவது வந்து பிரமாதம் என்றால், "எங்க அக்கா இன்னும் கேக்கல" என்பான். கடைசியாக அவன் பெயரில் உலகத்துக்குப் போகப்போவது அவனே 'ச்சு' என்று தள்ளியது. நான் ஒருத்திதான் இதைக் கேட்டிருக்கிறேன். சொல்லாமல் இருந்தால் அது அன்பா, கோழைத்தனமா?

அம்மாவிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். பாட்டில் ஏதாவது குறை தெரிகிறதா என்று. "குற்றம் பார்த்தா சுற்றம் இல்லடி. இதுலயாவது உன் நோட்ட எடுக்காத" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சலாகச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 14, சனி

சொல்லிவிட்டேன்.

டயர் கடைக்கு மேலே இருக்கும் பயிற்சி அறை. படியேறும்போதே ரப்பர் வாசனை. சுவரெல்லாம் பழைய மெத்தைகள், அவற்றின் மேல் என் கையெழுத்து. அறுபது தாள்களாவது இருக்கும். அவ்வளவு குறை சொல்லியிருக்கிறேன் என்று ஒரே இடத்தில் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது. பேண்டின் பெயர் மூணே முக்கால். நான்கு பேரில் தம்பி குள்ளம், அதனால் அவன் முக்கால் ஆள் என்று அவனே வைத்த பெயர். இப்போது மூன்று பேர் நின்றிருந்தார்கள். பெயரை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

சமோசாவும் டீயும் வாங்கி வைத்திருந்தார்கள். பாராட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள் போல. முதலில் சின்னக் குறைகளைச் சொன்னேன், டமால் தலையாட்டினான். 1:48 என்றதும் அவன் முகம் மலர்ந்தது. அந்த இடம்தான் பாட்டின் உயிர், யாருக்கும் தோன்றாத திருப்பம், அதைக் கேட்டுத்தான் மற்றதையெல்லாம் மாற்றினோம் என்றான். அவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அது திருப்பம் இல்லப்பா. விரல் சறுக்கிடுச்சு."

யாரும் நம்பவில்லை. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கிடாரை மட்டும் போடச் சொன்னேன். வாத்தியார்தான் போட்டார். ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல், அவன் நாற்காலியின் கிரீச், பிறகு கிடார். மூன்றாவது வரி. சறுக்கல். ச்சு. மூடி மறைக்க ஒன்றும் இல்லாதபோது அது எவ்வளவு சத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் ஏனோதானோவென்றுதான் வாசிக்கிறான். எப்படியும் அழிக்கப்போவதுதானே என்று வாசிப்பவனின் கை.

பேஸ் வாசிப்பவர் அதிகம் பேசமாட்டார். அந்த அறையில் அவர் குரலை நான் கேட்டதே நாலைந்து தடவைதான். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு சொன்னார்:

"அன்னிக்கு அவன் சொன்னான். மூணாவது வரிய விட்டுடுங்க, திங்கக்கிழமை நான் பாத்துக்கறேன்னு. எனக்கு ஞாபகம் இருந்துச்சு."

டமால் அவரைப் பார்த்த பார்வை! தெரிந்துமா பேஸை வளைத்தீர்கள் என்று கேட்டான்.

"அவன் கடைசியா வாசிச்சத மாத்த எனக்கு மனசு வரலடா. அதான் நான் மாறிக்கிட்டேன்."

டீ ஆறிப்போனது. கிளம்பும்போது டமால் படிவரை வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஏன்க்கா சொன்னீங்க? எங்களுக்கு நல்லாத்தானே கேட்டுட்டு இருந்துச்சு."

மார்ச் 15, ஞாயிறு

அம்மா மூன்று தடவை போட்டாள். நான் மாடியில் காயாத துணிகளை எடுத்து மறுபடி காயப்போட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

வாத்தியார் போன் செய்தார். ஒரு வாரமாக அந்தப் பாட்டைப் போட்டால் மூவருக்கும் 'ச்சு' தவிர வேறெதுவும் கேட்கவில்லையாம். அதை மட்டும் வெட்டிப் பார்த்தார்களாம்; வெட்டினால் சறுக்கல் இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறதாம். ஒன்று பாட்டையே மூட்டை கட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு யாராவது கிடாரை முழுவதும் வாசிக்க வேண்டும். தம்பி எழுதி வைத்த குறிப்பு இருக்கிறது, அதன்படி. நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டார்.

வாசிக்கச் சொல்லுங்கள் என்றேன். அவன் அதைத்தான் விரும்புவான் என்றேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அவ்வளவு நிச்சயம் எனக்கு.

போனை வைத்த பிறகு என்னையே கேட்டேன் — என்னடி பண்ணி வெச்சிருக்க? அவன் விரும்புவானாம். அவன் விரும்பறது உனக்குத் தெரியுமா? அவன் ஒண்ணே ஒண்ணு கேட்டான் உன்கிட்ட, அத செஞ்சியா?

ஏப்ரல் 2, வியாழன்

அதையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தூக்கம் வரப்போவதில்லை.

செப்டம்பரில் ஒரு பாட்டு கொடுத்தான். ஒன்பது குறை எழுதினேன். சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தான். படித்துவிட்டு, சிரித்துக்கொண்டேதான், "எல்லாம் கரெக்ட்தான்க்கா. ஒரு வரியாவது நல்லா இருக்குன்னு எழுதக் கூடாதா?" என்றான். நல்லா இருக்கிறதைத் திருத்த வேண்டியதில்லையே, அதற்கு எதற்குத் தாள் என்றேன். பதில் சரியாகத்தான் இருந்தது. என் பதில்கள் எப்போதும் சரியாகத்தான் இருக்கும், பாழாய்ப்போன பதில்கள்.

அந்தப் பாட்டு நன்றாக இருந்தது. அதில் ஒரு இடத்தில் எனக்குப் புல்லரித்தது. எந்த நிமிடம், எந்த நொடி என்றுகூடத் தெரியும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தம்பிக்குப் பதில் கிடார் வாசிக்க வந்த பல் டாக்டர் இன்று முடித்தார். நிஜமான பல் டாக்டர். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. தம்பி இவருடைய வாசிப்பைப் பற்றிப் பொறாமையாகப் பேசுவான். பொறாமைப்பட்டால் அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மெத்தைச் சுவருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தெட்டு டேக். ஒவ்வொன்று முடிந்ததும் அவர் வாத்தியாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தேன். அசைத்துக்கொண்டே இருந்தேன். முப்பத்தெட்டாவதில் தலை அசையவில்லை. மூன்றாவது வரியில் கிடார் இறங்கியது. பேஸ் பழைய வழிக்கே திரும்பிக் கூட இறங்கியது. அந்தப் பெண் படியிறங்கிப் போய்விட்டாள். இத்தனை நாள் அவள் போகவே இல்லை, பாதிப் படியில் நின்றிருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

பல் டாக்டர் கிடாரைப் பெட்டியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் வாசிச்ச மாதிரி வாசிக்கலம்மா. அவர் எழுதுன மாதிரி வாசிச்சேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அவர்கள் பாட்டுகளிலேயே இதுதான் சிறந்தது. பழக்க தோஷத்தில் தாளை எடுத்தேன். குறை எதுவும் இல்லை. முதல் தடவையாக வெற்றுத் தாளைக் கொடுத்தேன், வாத்தியார் அதையும் சுவரில் ஒட்டினார்.

குறை எதுவும் இல்லை. அவனும் இல்லை. என் காதால் கேட்டு, என் வாயால் சொல்லி, கடைசியாக அவன் கை பட்டிருந்த ஒன்றிலிருந்து அவனைத் துடைத்து எடுத்துவிட்டேன். திருத்தம் முடிந்தது. சந்தோஷமா?

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் அம்மா பாட்டைப் போட்டாள். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரியில் கிடார் இறங்கியது.

குழாயை மூட மறந்து நின்றேன். உடனே டமாலுக்குப் போன் போட்டேன். பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை ஏற்றிவிட்டானாம். லிங்க் அதேதான், உள்ளே இருக்கும் பாட்டு வேறு. அம்மா போனிலும் அதுதான் வரும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. பழைய பாட்டு கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது, அம்மாவுக்கு மட்டும் அதை மறுபடி அனுப்பவா என்று பதறினான்.

அனுப்பினால் அம்மா கேட்பாள்: ஏன் ரெண்டு? எதுல அவன்?

வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

சொல்லவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

இன்று சொல்லிவிடலாம் என்று சமையலறைக்குப் போனேன். "அம்மா, அந்தப் பாட்டுல..." என்று ஆரம்பித்தேன். "அதுல என்னடி?" என்று சட்டென்று திரும்பினாள். கையில் கரண்டி. போனுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள், நான் எதையோ பிடுங்கப் போவது போல. சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அம்மா சத்தத்தைக் குறைத்தாள். இன்று முழுக்கக் குறைத்தே வைத்திருந்தாள்.

மற்றவர்களின் காதில் எது கேட்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். பெற்றவள் காதைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லையா, தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையா?

மே 1, வெள்ளி

பாட்டு வெளியாகிவிட்டது. வாத்தியார் கீழே இரண்டு வரி எழுதியிருக்கிறார்: 'பாட்டு: தம்பி எழுதியது. கிடார்: பல் டாக்டர்.' அம்மா அதையெல்லாம் படிக்கமாட்டாள். முன்பின் தெரியாத ஒருவர் அந்த மூன்றாவது வரியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். அவர் எழுதியது எல்லாம் சரி.

மே 4, திங்கள்

காலை ஏழரை. அம்மா அடுப்பில் பால் வைத்துவிட்டு, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துப் பாட்டைப் போட்டாள். நான் மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தேன். பல்லவி வந்தது. அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, ஒரு விரலை உயர்த்தி என்னை அசையாமல் நிற்கச் சொன்னாள். மூன்றாவது வரி வந்து, இறங்கி, போயிற்று.

"கேட்டியாடி?" என்றாள். "எனக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாது. மொதல்லல்லாம் இந்த எடத்துல கால் தடுக்குன மாதிரி ஏதோ ஒண்ணு இருக்கும். தெனமும் வரும். நீ கண்டுபிடிச்சு எழுதிடுவியோன்னு பயந்துட்டே இருந்தேன். இப்ப கொஞ்ச நாளா இல்ல பாத்தியா? வாசிச்சு வாசிச்சு சரி பண்ணிட்டான்."

முகமெல்லாம் சிரிப்பு. அக்டோபருக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். டப்பாவின் மூடி என் கையில் இருந்தது. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்மா," என்றேன். "நல்லா வாசிக்கிறான்."

அம்மா பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டாள்.